ராத்தா உட்கார்ந்து பார்த்த இடங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பதுளைத் துணிக்கடையின் மேல்மாடிக்கு வந்திருந்தவர்கள்: என் அப்பா, மருதமுத்து மாமா, எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து இன்னும் ஏழு தகப்பன்மார், கடை முதலாளி, மேசைகள் அடித்த தச்சு பாஸ், கடையில் கணக்கு எழுதுகிற நான். வராதவர்கள்: அந்த அறையில் உட்கார்ந்து தைக்கப்போகிற ஒன்பது பெண்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ராத்தாவுக்குத்தான் தோன்றியது. மூச்சு வாங்கப் படியேறி வந்து, வாசலில் நின்று, ஒவ்வொரு மீசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்:

"புள்ளைகள் எங்க?"

"வீட்டுல இருக்குதுங்க அம்மா," என்றார் மருதமுத்து மாமா. "மொதல்ல நாங்க ஒரு பார்வ பாத்துட்டு..."

"தைக்கப் போறது நீங்களா?"

பாஸ் மட்டும் சிரித்தார். முதலாளி முறைத்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

"சரி, வந்தது வந்தாச்சி. நிண்டு பாக்க வாணாம். உக்காந்து பாருங்க."

ஒன்பது தகப்பன்மாரும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஒன்பது தையல் மெஷின்களுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடப் படியை மிதிக்காதவர்கள் முதல் நாள் வகுப்புக்கு வந்தது போலிருந்தது. மருதமுத்து மாமாவின் கால் தெரியாத்தனமாக மிதியில் பட்டு, சக்கரம் விர்ரென்று சுற்றவும், மாமா "முருகா!" என்று துள்ளி எழுந்து பின்னாலிருந்தவரின் மடியில் போய் விழுந்தார்.

எந்த இடத்தைப் பற்றியும் அங்கே உட்காராமல் ராத்தா அபிப்பிராயம் சொன்னதில்லை. அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதலாம் என்றால் நான் இதைத்தான் எழுதுவேன். அவர் முதலாளியின் மூத்த சகோதரி. கணவர் காலமாகி, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, தம்பி குடும்பத்தோடு கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் இருந்தார். அக்காவை ராத்தா என்பது முஸ்லிம்களான அவர்கள் வழக்கம். முதலாளி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கடையில் வேலை செய்த எங்களுக்கும், துணி இறக்க வரும் லொறிக்காரருக்கும்கூட அவர் ராத்தாவாகிவிட்டார். கனத்த உடம்பு. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் ஒரு கதிரையை நோக்கி நடந்தால் கதிரை தானாகவே ஓரடி பின்வாங்கும் என்று முதலாளி சொல்வார். அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொல்வார்.

ஒருமுறை முதலாளி வங்கியில் கடன் கேட்கப் போனபோது ராத்தாவும் கூடப் போயிருக்கிறார். மனேஜர் எதற்கோ வெளியே எழுந்து போனாராம். திரும்பி வந்து பார்த்தால் அவருடைய கதிரையில் ராத்தா. முதலாளிக்கு உயிரே போய்விட்டது.

"கோவிச்சிக்காதீங்க. சும்மா உக்காந்து பாத்தன்," என்று ராத்தா மெதுவாக எழுந்திருக்கிறார். "இங்க இருந்து பாத்தா எங்கட தம்பி மிச்சம் சின்னவனாத் தெரியிறான். அவன் உக்காந்த கதிர பள்ளத்துல ஈக்கிது. அதுதான் வாரவங்களுக்கெல்லாம் கடன் குடுக்க ஒங்களுக்கு மனசு வாறல்ல."

கடன் கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு முதலாளி வங்கிக்குத் தனியாகவே போய் வந்தார்.

கல்யாண வீட்டுக்குப் போனால் மணப்பெண் வருவதற்கு முன்னால் அவளுடைய ஆசனத்தில் போய் உட்கார்ந்து பார்ப்பார். "சாம்பிராணிப் புகை நேரா மூக்குக்கு வருது, அங்கால வைங்க," என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்வார். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால், பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தால் அதிலும் ஒரு நிமிடம். ஏன் ராத்தா இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"நிண்டு பாத்தா செவரு தெரியும் மகன். உக்காந்தாத்தான் யாரு எங்கட முதுகப் பாக்கிறாண்டு தெரியும்," என்றார்.

தையல் மெஷின்கள் வந்த கதையைச் சொல்லவேண்டும். பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து, வெளிநாட்டுத் துணி கப்பல் கப்பலாக இறங்கத் தொடங்கிய புதிது. ஊரிலிருந்த ஒரு பெரிய பள்ளிக்கூடம் தன் பிள்ளைகளின் சீருடைகளைத் தைத்துக் கொடுக்க எங்கள் முதலாளியிடம் ஓடர் கொடுத்தது. ஓடர் கையில் வந்த மாதமே கடையின் இரண்டு தையல்காரர்களும் சவூதிக்குப் போய்விட்டார்கள். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது ராத்தாதான் சொன்னார்: "இந்த மகன்ட தோட்டத்துல தைக்கத் தெரிஞ்ச பொம்பளப் புள்ளைகள் ஈக்கிறாங்களாமே."

உண்மைதான். ஒரு டீச்சரம்மா நடத்திய வகுப்பில் ஒன்பது பெண்கள் தைக்கப் பழகியிருந்தார்கள். அதில் ஒருத்தி என் தங்கச்சி. தோட்டத்தில் புதிதாகப் பேர் பதியவில்லை. கொழுந்துக்குப் போகவும் வழியில்லை. கொழும்பில் யாரோ ஒருவருடைய பங்களாவுக்கு அவளைச் சமையல் வேலைக்கு அனுப்ப ஒரு தரகர் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். தை மாதம் கூட்டிப் போவதாகப் பேச்சு. நான் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பத்தாம் வகுப்பு பாஸ் செய்த முதல் ஆள். பத்தாம் வகுப்பு பாஸ் செய்தும் என் தங்கச்சியை ஒரு தரகரிடமிருந்து காப்பாற்ற என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆகவே ராத்தாவின் யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

முதலாளியும் ஒரு நிபந்தனை வைத்தார். மேல்மாடியை வாடகைக்குக் கேட்டு அவருடைய மச்சான், ஒரு கருவாட்டு வியாபாரி, நடையாய் நடந்துகொண்டிருந்தார். "தைக்குள்ள ஓடர் முடியோணும் ராத்தா. முடியாட்டி மேல கருவாடுதான்."

அறையை எப்படி அமைப்பதென்று நான் மூன்று இரவு கண்விழித்துக் கட்டம் போட்ட தாளில் படம் வரைந்தேன். ஒன்பது மெஷின்கள் மூன்று வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. முன்னால் ஒரு சிறு மேடை. மேடைமேல் ஒரு மேசை. அடிமட்டத்தால் கோடு போட்டு, சிவப்பு மையால் தலைப்பும் எழுதியிருந்தேன்.

ராத்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மேச யாருக்கு?"

"எனக்கு ராத்தா. மேற்பார்வைக்கு."

"நீ மேல ஏறி நிண்டு என்ன செய்யப் போற? பள்ளிவாசல்ல மாதிரி பயான் பண்ணப் போறியா?"

முதலாளியும் விட்டுவைக்கவில்லை. "பெல் எங்க மகன்? பெல் அடிக்கோணுமே," என்றார். அன்று முழுக்கக் கடையில் யார் என்னைக் கூப்பிட்டாலும் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல் "சேர்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

"மொதல்ல அந்தப் புள்ளைகள் வார வழிய உக்காந்து பாக்கோணும்," என்றார் ராத்தா. அடுத்த நாளே என்னைக் கூட்டிக்கொண்டு பசறை பஸ்ஸில் ஏறினார். பஸ்ஸில் அவர் ஒரு ஆசனத்தில் நிலைக்கவில்லை. ஒவ்வொரு தரிப்பிலும் எழுந்து வேறொன்றுக்கு மாறினார். வளைவுகளில் அவர் எழுந்து நடக்கும்போது பஸ்ஸே ஒருபக்கம் சாய்வது போலிருந்தது.

"அம்மா, ஒரு டிக்கட்டுக்கு ஒரு சீட்டுத்தான்," என்று கண்டக்டர் கத்தினார்.

"பின் சீட்டுல பொம்பள உக்காந்தா வாந்தி வரும். நடுவுல உக்காந்தா ஒங்கட இடுப்பு வந்து இடிக்கிது. ட்ரைவருக்குப் பின்னுக்கு ஈக்கிற ரெண்டு சீட்டுத்தான் நல்லம். அத காலையில எங்கட புள்ளைகளுக்கு வெச்சிக் குடுப்பீங்களா?"

"அது புத்த சாமிமாருக்கு ஒதுக்கின சீட்டும்மா."

"அப்ப அதுக்குப் பின் சீட்டு."

கண்டக்டர் எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமலே தலையாட்டினார். பல மாதங்களுக்குப் பிறகும் அவர் அந்த ஆசனங்களைத் துண்டு போட்டுப் பிடித்துவைத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

நமுனுகுல மலைக்குக் கீழே எங்கள் லயத்துக்கு வந்தும் அதே கதைதான். வாசலில் ஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தார், உள்ளே காம்பராவில் கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா பதறிப்போய் நல்ல பாயாக எடுத்து விரிப்பதற்குள் அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டே அப்பாவைக் கூப்பிட்டார்.

"நீங்க இங்க ஒரு நாளாவது உக்காந்தீக்கிறீங்களா?"

"அது அவ எடம்மா," என்றார் அப்பா.

"அதுதான் நான் கேட்ட."

அப்பாவுக்கு அந்தக் கேள்வி விளங்கியதாகத் தெரியவில்லை. ஆனாலும், ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு வந்து இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வது என்று ஒன்பது தகப்பன்மாரும் ஒத்துக்கொண்டார்கள். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மருதமுத்து மாமாவை மடியிலிருந்து தூக்கி நிறுத்திய பிறகு, ராத்தா அறையின் மூலையில் புதிதாகக் கட்டியிருந்த கழிவறைக்குள் போனார். உடனே வெளியே வந்தார்.

"பாஸ், தாழ்ப்பாள் ஏன் வெளியால ஈக்கிது?"

"மொதலாளி சொன்னது," என்றார் பாஸ். "பொம்பளப் புள்ளைக. பாதுகாப்பா இருக்கணும் சொன்னது."

"பொம்பளைக்குப் பாதுகாப்பா, பொம்பளைக்கிட்ட இருந்து பாதுகாப்பா?" ராத்தா தம்பியின் பக்கம் திரும்பினார். "தம்பி, உள்ளுக்குப் போய் லைட் எரியிதாண்டு பாருங்க."

முதலாளி உள்ளே போனார். ராத்தா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, தகப்பன்மாருக்குத் தேநீர் ஊற்றத் தொடங்கினார். உள்ளிருந்து முதலில் "ராத்தா" என்றும், பிறகு "ராத்தோவ்" என்றும், அதன்பிறகு வெறும் தட்டலும் கேட்டன. யாருக்கும் குடிக்கத் தைரியம் வரவில்லை. பாஸ் ஆணி கழற்றும் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு, கேட்காமலே, தாழ்ப்பாளை உட்பக்கம் மாற்றத் தயாராக வந்து நின்றார்.

அடுத்தது ஜன்னல். அது வீதியைப் பார்த்த பெரிய ஜன்னல். கீழே ஞாயிற்றுச் சந்தைக்கு வந்த கூட்டம். ஜன்னலைப் பலகை அடித்து மூடிவிடவேண்டும் என்பது தகப்பன்மாரின் ஏகமனதான முடிவு. ராத்தா ஜன்னலோரத்து மெஷினில் உட்கார்ந்துகொண்டு, என் அப்பாவை வீதிக்கு அனுப்பினார்.

"நான் தெரியிறனா?" என்று மேலிருந்து கத்தினார்.

அப்பா நடு வீதியில் நின்று, கையைக் கண்ணுக்குமேல் வைத்து அண்ணாந்து பார்த்தார். "தெரியுறீங்க!"

என்னைக் கொண்டு ஒரு மெல்லிய வெள்ளைத் துணியை ஜன்னலின் கீழ்ப்பாதியில் பிடிக்கவைத்தார். "இப்ப?"

"கண்ணு மட்டும் தெரியுது!"

இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். "இப்ப?"

"முக்காடு! முக்காடு மட்டும்!"

அப்பா அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்து ஒரு வெற்றிலைக்காரர் அண்ணாந்தார். அவரைப் பார்த்து மரக்கறி வாங்க வந்தவர்கள் அண்ணாந்தார்கள். ஒரு பஸ்ஸும் நின்றது. யாரோ குதிக்கப் போகிறார்கள் என்று யாரோ சொல்ல, ஒரு பொலிஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்து, "கீழே இறங்க வேண்டாம், உள்ளே போங்க!" என்று சிங்களத்தில் சத்தம் போட்டார்.

"இப்ப ஒண்ணுமே தெரியல!" என்று அப்பா கடைசியாகக் கத்தினார். வீதி முழுக்க அதை ஆமோதித்தது.

"எனக்கு எல்லாரும் தெரியிறாங்க," என்று ராத்தா திருப்தியாகத் துணி வந்து நின்ற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். "அரைத் திரை போதும். ஒளிச்சும் ஈக்கலாம், ஒலகத்தையும் பாக்கலாம்."

ஆனால் தகப்பன்மாருக்கு உண்மையான சந்தேகம் வேறு. மருதமுத்து மாமா அறையைச் சுற்றிச் சுற்றி எதையோ தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டேவிட்டார்.

"கங்காணி எங்கங்க நிப்பாரு?"

"கங்காணியா? ஒருத்தரும் நிக்கிறல்ல. ஒரு சட்டைக்கு இவ்வளவுண்டு கூலி. தைச்சா காசு," என்றார் ராத்தா.

ஒன்பது முகங்களும் விழுந்தன. எனக்கும் அன்றுதான் அது புரிந்தது. கங்காணி இல்லாத வேலையை அவர்கள் கண்டதில்லை. பின்னால் நின்று கத்துகிறவர் இல்லையென்றால், நாளைக்கு ஒன்று நடந்தால் பதில் சொல்கிறவரும் இல்லை என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ராத்தாவுக்கு எது ஆபத்தோ அதுவே அவர்களுக்குக் காவல்.

"ஆள் நிக்காத எடத்துக்கு எப்படிங்கம்மா பொம்பளப் புள்ளய அனுப்புறது?" என்றார் அப்பா.

"கொழும்புக்கு அனுப்பப் பேசினீங்களாமே. அந்தக் குசினில யாரு போய் உக்காந்து பாத்த?"

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் நாடாச் சுருளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி அவரை எங்கோ தொட்டிருக்கவேண்டும். "அதுவும் சரிதாம்மா," என்றார். "அப்ப இங்கயாவது யாராச்சும் உக்காரணும்."

ராத்தா யோசித்தார். ஒரு கதிரையைத் தூக்கிவரச் சொன்னார். தகப்பன்மார் அதை நல்ல இடமாகப் பார்த்து, மெஷின்களுக்குப் பின்னால், எல்லா முதுகும் தெரிகிற மாதிரி வைத்தார்கள். ராத்தா அதில் உட்கார்ந்தார். எழுந்தார். கதிரையை இழுத்துக்கொண்டுபோய்ப் படிவாசலில், படியைப் பார்த்தபடி, மெஷின்களுக்கு முதுகு காட்டி வைத்தார்.

"காவல்காரன் பாக்கவேண்டியது புள்ளைகளயா, படியேறி வாரவனயா?"

தகப்பன்மார் படியை எட்டிப் பார்த்தார்கள். பிறகு மருதமுத்து மாமா போய் அதில் உட்கார்ந்து, கீழே இறங்கும் படிகளை முறைத்துப் பார்த்தார். "இங்கேருந்து எல்லாம் தெரியுது," என்றார். ஒரு நாளைக்கு ஒரு தகப்பன் வீதம் முறைவைத்து வந்து உட்காருவதென்று முடிவாயிற்று. "கொஞ்ச நாளைக்குத்தான்," என்றார் ராத்தா.

எழுந்த மாமா போகாமல் நின்றார். முந்திய இனக்கலவரத்தில் அவர் வீடு எரிந்தது எல்லோருக்கும் தெரியும். "ஒண்ணு நடந்தா, இந்தப் படியில தடியோட ஆளுக வந்தா, புள்ளைக எந்தப் பக்கம் ஓடும்?"

ராத்தா அதற்கு உட்காரவில்லை. அப்படி உட்காராமலே அவர் முடிவு சொன்னதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பின் சுவரைக் காட்டி, "பாஸ், இந்த எடத்த ஒடைங்க. கதவும் படியும் வரோணும்," என்றார். பின்பக்கம் ஒரு சிங்கள முதலாளியின் பேக்கரி முற்றம். அவர் இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். முற்றத்தில் படி இறங்கச் சம்மதிப்பாரா என்று கேட்கப்போன எங்கள் முதலாளி, சம்மதத்தோடு ஒரு பை சூடான பணிஸும் வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கு முன் அவரைக் கழிவறையிலிருந்து விடவேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு பெண்கள் வந்தார்கள். மலை மழையில் நனைந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி ஒளிந்துகொண்டு. ராத்தா மெஷின்களை வட்டமாக, எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற மாதிரிப் போட்டுவைத்திருந்தார். ஒன்பது இடத்திலும் தானே உட்கார்ந்து பார்த்து வைத்த வட்டம். அதில் அவருக்கு நிறையப் பெருமை.

என் தங்கச்சி உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். திரும்பிப் பார்த்தாள். இன்னொருத்தியைப் பார்த்தாள். இருவரும் சிரிப்பை அடக்கினார்கள்.

"என்ன? செல்லுங்க."

"ராத்தா, இதுல பாதிப் பேருக்கு வெளிச்சம் முதுகுல விழுது. நெழல்ல ஊசி தெரியாது. கைதான் தைபடும்."

ராத்தாவுக்குத் தைக்கத் தெரியாது. பொத்தான் அறுந்தால்கூடத் தம்பி மனைவியிடம்தான் கொடுப்பார். ஒன்பது இடத்திலும் உட்கார்ந்தவர் ஒரு இடத்திலும் ஊசியைக் கையில் எடுக்கவில்லை. அதைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நீங்களே போட்டுக்கொள்ளுங்க!" மெஷின்கள் ஜன்னலோரமாகப் போயின. நாங்கள் யாரும் நினைக்காத இரண்டு காரியங்களையும் பெண்கள் கேட்டார்கள். நனைந்த சேலையை மாற்ற ஒரு மறைப்பு. சாப்பிட ஒரே நீள மேசை இல்லாமல், தள்ளித் தள்ளி உட்கார இடம். வெறும் ரொட்டியும் சம்பலும் கொண்டுவருகிற நாளில் பக்கத்தில் இருப்பவள் பார்க்காதிருக்க. ராத்தா இரண்டையும் உட்கார்ந்து பார்த்து, சரி என்றார்.

வேலை தொடங்கியது. மெஷின்கள் ஓடிய வேகத்துக்கு ஓடர் தைக்கு முன்பே முடிந்துவிடும் போலிருந்தது. எங்கள் கணக்கில் தவறிப்போனது கதிரைதான். முறைக்கு வந்த தகப்பன்மாருக்கு அது பிடித்துப்போய்விட்டது. மலையேறாமல், மழையில் நனையாமல், டவுனில் ஒரு நாள். பத்து மணிக்குத் தேநீர், பேக்கரியிலிருந்து பணிஸ். கொஞ்ச நாள் என்பது மறந்தே போயிற்று. மருதமுத்து மாமா இதற்கென்றே ஒரு கோட்டு வாங்கினார். அவர் முறையன்று முதலாளியே தன் சொந்தப் படியில் ஏற முடியவில்லை.

"நாந்தான் மொதலாளி!"

"தெரியுதுங்க. என்னா வேலையா வந்தீங்க?"

என் அப்பாவின் முறையில்தான் அது நடந்தது. பள்ளிக்கூடத்து உப அதிபர், கழுத்துப்பட்டியும் குடையுமாக, அதுவரை தைத்ததைப் பார்க்க வந்தார். அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு வழியை மறித்தார்.

"துண்டு இருக்குங்களா?"

"என்ன துண்டு?"

தோட்டத்தில் துரையிடம் துண்டுச் சீட்டு வாங்காமல் வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது. அப்பா அறிந்த காவல் முறை அது ஒன்றுதான். "தொரகிட்ட எழுதி வாங்கின துண்டுங்க. அது இல்லாம விட ஏலாதுங்க."

"நான் உப அதிபர்!"

"அதிபரே வந்தாலும் துண்டு வேணுங்க."

உப அதிபர் திரும்பிப் போய்விட்டார். நானும் முதலாளியும் விஷயம் தெரிந்து ஓடிவந்தபோது, ராத்தா அப்பாவுக்கு இரண்டாவது பணிஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா? கதிர வேல செய்யிது!"

"ஓடர் போகுது ராத்தா!" என்று முதலாளி அலறினார். "ஓடர் போனா கருவாடு!"

எனக்குக் கருவாடு ஞாபகம் வரவில்லை. தை மாதம் வரப்போகும் தரகர் ஞாபகம்தான் வந்தது.

மறுநாள் ராத்தா பள்ளிக்கூடத்துக்குப் போனார். உப அதிபரின் அறைக்கு வெளியே, தண்டனைக்கு வரும் பிள்ளைகள் உட்காரும் வாங்கில், அவர் வரும்வரை உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார்களோ தெரியாது. திரும்பி வந்து சொன்னார்: "நல்ல மனுசன். ஆனா அந்த வாங்கு மிச்சம் பதிஞ்சி ஈக்கிது, அவர்ட பெல்ட்டு மட்டுந்தான் தெரியிது. அதையும் செல்லிட்டு வந்த. ஓடர் ஈக்கிது. ஒரே ஒரு கண்டிசன். படியில கெழவன்மார் ஈக்கப்படாது."

கதிரை போனால் தகப்பன்மார் பெண்களை அனுப்பமாட்டார்கள். கதிரை இருந்தால் ஓடர் இல்லை. தகப்பன்மாரிடம் யார் சொல்வது என்று முதலாளி என்னைப் பார்த்தார். நான் ராத்தாவைப் பார்த்தேன். ராத்தா பெண்களைப் பார்த்தார்.

"உக்காரப் போறது நீங்க. நீங்களே ஒரு வழி செல்லுங்க."

பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் கூடிக் கூடிப் பேசினார்கள். முதல் சம்பளத்தன்று ஒன்பது தகப்பன்மாரையும் வரச்சொன்னார்கள். என் தங்கச்சி, வீட்டில் அப்பாவுக்கு முன்னால் நிமிர்ந்துகூடப் பேசாதவள், எழுந்து நின்றாள்.

"அப்பா, கங்காணி நாள் பூரா மலையில நிக்கிறாரா?"

"எங்க நிக்கிறாரு? காலையில பெரட்டுல ஆள எண்ணிட்டு எங்கயாச்சும் போயிடுவாரு."

"அந்தக் காலத்துல அவருக்குத் தலைக்காசு குடுத்தாங்கன்னு சொல்லுவீங்களே? வேலைக்கு வர்ற ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவுன்னு?"

"ஆமா. எங்க தலைய எண்ணித்தான் அவரு வீடு கட்டினாரு."

"அப்ப நீங்க ஏன் காவக்காரன் மாதிரி படியில உக்காந்திருக்கணும்? நீங்க கங்காணியா இருங்க. காலையில பஸ்ஸுல ஏத்திவிட்டு எண்ணுங்க, அந்தியில எறங்குறப்ப எண்ணுங்க. மாசம் ஒரு ரூபா தலைக்காசு நாங்க தர்றோம்."

ஒன்பது பெண்களும் எழுந்து, தத்தம் தகப்பன் கையில் ஒவ்வொரு ரூபாயாக வைத்தார்கள். தகப்பன்மார் அதைப் பார்த்தபடி நின்றார்கள். வாழ்நாள் முழுக்க அவர்கள் எண்ணப்பட்டவர்கள். எண்ணுகிற பதவி இப்போதுதான் கிடைத்தது. மருதமுத்து மாமா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நடையே மாறிவிட்டது.

அப்பாதான் தொண்டையைச் செருமினார். "இது ஒவ்வொரு மாசமுமா?"

"ஒவ்வொரு மாசமும்."

"அப்ப சரி. கங்காணின்னா தலைக்கு மேல ஆயிரம் வேல. இங்க வந்து உக்காந்திருக்க ஏலாது."

ஓடர் முடிந்தது. உப அதிபர் வந்து, துண்டு எதுவும் இல்லாமல், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அடுத்த வருடத்துக்கும் எழுதிக் கொடுத்தார். தை மாதம் தரகர் வந்தபோது அப்பா அவரை லயத்துக்கு வெளியே நிறுத்தி, அந்த பங்களாவின் குசினியில் புகை எந்தப் பக்கம் போகிறது, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரித்தார். தரகருக்குத் தெரியவில்லை. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அடுத்த வருடம் புதிய கங்காணிமார் ஒன்பது பேரும் ஒன்றாக வந்தார்கள். சாமான் விலை ஏறிவிட்டது, தலைக்கு ஒன்றரை ரூபாய் வேண்டும் என்றார்கள். பெண்கள் முடியாது என்றார்கள். அப்படியானால் பழையபடி படியில் வந்து உட்கார வேண்டிவரும் என்று மருதமுத்து மாமா மிரட்டினார். ராத்தா கொஞ்ச நேரம் தகப்பன்மார் பக்கம் உட்கார்ந்து பார்த்தார். எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்தார். ஒன்றேகாலில் முடிந்தது. காவலுக்கு ஒருவரும் வராமலிருக்க அந்த ஒன்பது பெண்களுக்கும் ஆன செலவு, மாதம் பதினொரு ரூபாய் இருபத்தைந்து சதம்.